கீரோவ் நிலையத்தில் மூன்று நாள்

ரயில் பெட்டியின் வாசலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த பெட்டிக்காரி, அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவள், அதை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கீரோவ் நிலையத்தில் காலை பத்து மணிக்கு மைனஸ் முப்பது டிகிரிக் குளிர். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பூட்ஸ் கால்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோர்மினா, கபிதோலினா யெஃபிமோவ்னா. த்யுமேன் வரைக்கும்." அவள் நிமிர்ந்தாள். "இஞ்சின் டிரைவரா இருந்தாரே யெஃபிம் கோர்மின், அவருக்கு சொந்தமா?"

"மகள்."

"எந்த மகள்? இந்த ஊர்ல இருக்கிறவளா?"

கபா என்கிற கபிதோலினா தலையசைத்தாள். பெட்டிக்காரி பாஸ்போர்ட்டை அவள் கையில் திணித்தாள்.

"அடேங்கப்பா! உங்களுக்கும் ரயில் ஏறத் தெரியுமா? ஏறுங்க, ஏறுங்க."

கபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கீழ்ப்படுக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கறுப்புச் சால்வையை அவிழ்க்காமல் வெளியே பார்த்தாள். பனிக்குள் புதைந்த வேலிகளும் மரக்கிடங்குகளும் பின்னால் போயின. நேற்று மதியம்தான் அக்கா ரிம்மா போன் செய்திருந்தாள். "அப்பா போயிட்டாரு, கபா. நாளன்னைக்கு அடக்கம்." உடம்பு முடியாமல் இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவருதான் சொல்லாதேன்னாரு" என்று போனை வைத்துவிட்டாள்.

அப்படி அவர் சொல்லக்கூடியவர்தான் என்று கபா நம்பினாள். ஏழு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது பனிப்புயலில் ரயில் நின்றுபோய், அடக்கம் முடிந்த மறுநாள்தான் அவளால் போய்ச் சேர முடிந்தது. வாசலிலேயே, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, "பெத்தவளைப் பார்க்க வராதவளுக்கு இங்க என்ன வேலை?" என்று அப்பா கத்தினார். அன்று மாலையே அவள் ரயிலேறிவிட்டாள். அதன்பிறகு எப்போது போன் செய்தாலும் ரிம்மாதான் எடுப்பாள். "உன் பேரைக் கேட்டாலே அவருக்கு பிரஷர் ஏறுது. இந்த வருஷம் வேண்டாம், கபா." அடுத்த வருஷமும் அதேதான். கபா வீடு மாறினாள், போன் எண்ணை மாற்றினாள். புது விலாசம் ரிம்மாவிடம் மட்டும் இருந்தது.

பெட்டிக்காரி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். சட்டையில் நாயிலா என்று பெயர் குத்தியிருந்தது. கபாவின் முன்னால் மட்டும் கிளாஸை ணங்கென்று வைத்தாள். பலேசினோ நிலையம் தாண்டியபோது கிளாஸை எடுக்க வந்தவள், டீ அப்படியே ஆறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யெஃபிம் மாமா எப்படி இருக்காரு? இந்த பிப்ரவரிக்கு ஆளையே காணோமே."

"நாளைக்கு அவருக்கு அடக்கம்."

நாயிலா கிளாஸோடு எதிர்ப்படுக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். ஆனாலும் ஒண்ணு கேக்கணும். அந்த மனுஷனை ஒரு நிமிஷம் வந்து பார்த்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் உங்களுக்கு?"

"அவருதான் என்னைப் பார்க்க மாட்டேன்னுட்டாரு."

"யாரு? யெஃபிம் மாமாவா?" நாயிலாவின் குரல் உயர்ந்தது. "மூணு பிப்ரவரி என் பெட்டியிலதான் வந்தாரு. மகளுக்குப் பிறந்தநாளாம். த்யுமேன்ல ஏறி கீரோவ்ல இறங்குவாரு. நாங்க மாஸ்கோ போய்த் திரும்பி வர மூணு நாள். வந்து பார்த்தா அதே பிளாட்பாரத்துல, அதே பையோட நிப்பாரு. மகளைப் பார்த்தீங்களா மாமான்னு கேப்பேன்."

"என்ன சொன்னாரு?"

"'இன்னும் கோவம் தீரலையாம். வீட்டுப் பக்கம் வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னுட்டாளாம். பெரியவ போன் பண்ணிக் கேட்டுச் சொன்னா'ன்னாரு. அப்ப மூணு நாளும் எங்க இருந்தீங்கன்னேன். 'ஸ்டேஷன் ஹால்லதான். திடீர்னு மனசு மாறி வந்தான்னா?' அப்படின்னாரு."

கபாவின் வீடு நிலையத்திலிருந்து டிராலிபஸ்ஸில் ஐந்தே நிறுத்தம்.

"என்கிட்ட யாரும் கேக்கல" என்றாள். மறுபடி சொன்னாள். "யாருமே என்கிட்ட கேக்கல."

நாயிலா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் புது டீ கொண்டுவந்து, இரண்டு சர்க்கரைக் கட்டியைத் தானே போட்டுக் கலக்கி, அவள் விரல்களை கிளாஸைச் சுற்றி மூடிவிட்டாள்.

பெர்ம் நிலையத்தில் ரயில் இருபது நிமிஷம் நின்றது. கபா இறங்கி பிளாட்பாரக் கோடி வரை நடந்தாள். போனில் ரிம்மாவின் பெயரை எடுத்தாள். அழுத்தவில்லை. குளிரில் போன் தானாகவே அணைந்துபோனது.

மறுநாள் காலை த்யுமேனில் நாயிலாதான் அவள் பையை இறக்கிக் கொடுத்தாள். "மாமாகிட்ட..." என்று ஆரம்பித்தவள் கையை உதறிவிட்டு அடுத்த பயணியின் பெட்டியை வாங்கப் போனாள்.

சவ அறையை ஒட்டிய ஹாலில் சவப்பெட்டி திறந்திருந்தது. அப்பா சின்னதாகியிருந்தார். கபா குனிந்து, நெற்றியில் சடங்குப்படி சுற்றியிருந்த, ஜெபம் எழுதிய காகிதப் பட்டையின்மேல் முத்தமிட்டாள். ரிம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கபாவின் கைகள் தொங்கியபடியே இருந்தன.

"மூணு வருஷம் கீரோவ் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தாரு" என்றாள் அக்காவின் காதருகே. "மூணு மூணு நாள்."

ரிம்மாவின் அழுகை நின்றது. யாரும் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கபாவின் முழங்கையைப் பிடித்து மலர்வளையங்கள் சாய்த்து வைத்திருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"யாரு சொன்னா?"

"பொய்யா?"

ரிம்மா மலர்வளையம் ஒன்றின் ரிப்பனை நீவிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் சலவைக்காரியின் கைகள் போல வெடித்துச் சிவந்திருந்தன.

"குளிப்பாட்டினது நான். ஊட்டிவிட்டது நான்" என்றாள் கடைசியில். "காலைல கண்ணு முழிச்சா முதல் கேள்வி, 'கபா பேசினாளா?' கஞ்சியோட பக்கத்துல நிக்கிற நான் அவர் கண்ணுக்கே தெரியல. ஒரு தடவை சொன்னேன், அவளுக்கு உங்களைப் பிடிக்கலைன்னு. அன்னைக்கு நாள் பூரா என் கையைப் பிடிச்சுட்டே இருந்தாரு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"போன மாசம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

பஸ் வந்துவிட்டது என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் உறைந்த தரையை டயர் எரித்து இளக்கித்தான் குழி வெட்டியிருந்தார்கள். வெட்டிப் போட்ட மண் அதற்குள் மறுபடி உறைந்து கட்டிகட்டியாகக் கிடந்தது. பெட்டி இறங்கியதும் ஒவ்வொருவராக எடுத்துப் போட்டார்கள். மூடிமேல் ஒவ்வொன்றும் கதவைத் தட்டுவதுபோல விழுந்தது. ரிம்மா கையுறை போட்ட கையால் ஒரு கட்டியை இரண்டாக உடைத்து, பாதியைத் தங்கையிடம் நீட்டினாள்.

கபா அதை வாங்கவில்லை. மறுபக்கம் போய்க் குனிந்து தானே ஒன்றை எடுத்தாள். கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கைகளுக்குள் அதை மூடிக்கொண்டாள். எல்லோரும் போட்டாயிற்று. வெட்டியவர்கள் மண்வாரியோடு காத்திருந்தார்கள். சாலையில் பஸ் இஞ்சினை அணைக்காமல் நின்றது.

"கபா, போடு" என்றாள் ரிம்மா. "கை மரத்துப் போயிடும்."

கபா நகரவில்லை. வெகு நேரம் கழித்து மண்கட்டி இளகி, அவள் விரலிடுக்குகளில் கறுப்பாக ஈரம் கசிந்தது. அப்போதுதான் குழியோரம் மண்டியிட்டு, கைகளை முடிந்தவரை கீழே நீட்டித் திறந்தாள். மண் சத்தமில்லாமல் விழுந்தது.