பூஜையில் வைத்த சாவி

தஞ்சாவூர் விசா அலுவலகத்தில் பாஸ்போர்ட் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேலாளர் நடராசனிடம். மற்றது ஒப்பந்த ஊழியர் இர்ஃபானாவிடம். இருவரும் சேர்ந்து நின்றுதான் திறக்க வேண்டும். தூதரகத்தின் விதி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை எல்லாச் சாவிகளையும் வாழையிலையில் வைத்துச் சந்தனம் தொட்டார்கள். இர்ஃபானாவும் தன் சாவியை வைத்தாள். வாசலில் நின்ற அவள் ஸ்கூட்டருக்கும் பொட்டு விழுந்தது. விடுமுறை முடியும்வரை சாவி எதையும் எடுக்கக் கூடாது என்றார் நடராசன். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சொந்த ஊர் வலங்கைமானுக்குக் கிளம்பினாள்.

விடுமுறை நாளில் பெட்டகம் திறக்கப்பட்டிருந்தது. திறந்த நேரம் தானாகவே பதிவாகித் தூதரகத்துக்குப் போய்விடும். ஒரு வாரம் கழித்து, இன்று சென்னையிலிருந்து தணிக்கையாளர் வருகிறார்.

“நீங்களும் கூட நின்னீங்கன்னு சொல்லிடுங்கம்மா,” என்றார் நடராசன். “ரெண்டு பேரு, ரெண்டு சாவி. பிரச்சன முடிஞ்சுது.”

“நான் ஊர்ல இருந்தேன் சார்.”

“தெரியும். அதனாலதான கேக்குறேன்.”

“பூஜையில வச்சத எடுக்கக் கூடாதுன்னீங்க.”

“ரைஸ்மில் முதலாளி பையன்மா. பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுக்கலன்னா ஃப்ளைட்ட விட்டுருப்பான். சாமி கோச்சுக்காது.”

“எனக்குக் கோவம் வருது.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. கையெழுத்து நான்தான் போடணும்.”

“போடாதீங்க.”

தணிக்கையாளர் செம்மொழி வந்ததும் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நடராசன் முந்திக்கொண்டார்.

“ரெண்டு பேரும் சேந்துதான் தொறந்தோம் மேடம்.”

“பொய்,” என்றாள் இர்ஃபானா. “நான் வரல. பூஜைக்குன்னு என் சாவிய இங்க வச்சுட்டுப் போனேன். ரெண்டையும் இவரே எடுத்திருக்காரு.”

செம்மொழி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தார். “சாவிய விட்டுட்டுப் போனது ஒங்க தப்பு. அதையும் எழுதுவேன். வேலை போகலாம்.”

“எழுதுங்க. இன்னொண்ணும் எழுதுங்க. அன்னிக்குப் பூஜை முடிஞ்சதும் தரங்கம்பாடியிலேர்ந்து தஹ்மீனான்னு ஒரு அம்மா வந்தாங்க. விசா வந்தாச்சு. பாஸ்போர்ட் பெட்டகத்துக்குள்ள. அவங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல ஆஸ்பத்திரியில கெடந்தாரு. எடுத்துக் குடுத்துரலாம் சார்னு கெஞ்சினேன். சாவி பூஜையில இருக்கு, லீவு முடிஞ்சு வாங்கன்னுட்டாரு. அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு.”



“வருத்தமாத்தான் இருக்கு,” என்றார் செம்மொழி. “ஆனா அது வாடிக்கையாளர் புகார். நான் பாக்க வந்தது பெட்டகத்த மட்டும்.”

“நானும் பெட்டகத்தத்தான் மேடம் சொல்றேன். யாருக்குத் தொறந்துச்சு, யாருக்குத் தொறக்கல.”

“போதும். வெளிய போங்கம்மா,” என்றார் நடராசன்.

இர்ஃபானா நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டைப் பண்ணுங்க மேடம். தஹ்மீனா, தரங்கம்பாடி. படிச்சுப் பாத்துட்டு எந்திரிக்கிறேன்.”