ஒயர் விட்டிருந்தது

மூன்றாவது சார்ஜர் ஒயரையும் மாற்றிச் செருகிப் பார்த்தார் அவர். பாட்டு பிளேயரின் குட்டித் திரையில் வெளிச்சம் வந்தது. பொத்தானை அமுக்கினால் மட்டும் ஓர் அசைவும் இல்லை.

"சார்ஜ் ஏறுதேப்பா. அப்புறம் ஏன் பாடல?" கட்டிலின் மறுபக்கம், அம்மாவின் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

"இரு, பாக்கிறேன்."

காலையில் வந்த டாக்டர் அவரை வாசல்வரை கூட்டிப்போய், "இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி உள்ளே வந்தபோது மனைவி கண்ணைத் திறந்து, "என்னங்க, அந்தப் பாட்டு..." என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுவது முப்பது வருஷத் தொழில். போன் வந்தால் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓடிவிடுவார். அவள் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே இந்தப் பிளேயரைக் காதில் மாட்டிக்கொண்டால் எட்டு மணி நேரமும் கால் வலி தெரியாது என்பாள். நானூறு சொச்சம் பாட்டு. ஒவ்வொன்றாகத் தேடி அவளே ஏற்றியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அது அவள் கைதவறி விழுந்து ஓரம் விரிந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலில் செருப்போடு நின்று, கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பாடவில்லை. "கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்பார்.

"ஊரார் கதவையெல்லாம் திறந்து விடுறீங்க. வீட்டு வேலைன்னா மட்டும் கைக்கு வாதம் வந்துடுது" என்று சிரிப்பாள்.

பிறகு வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைச்சல் வந்தது. அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

இப்போது மீட்டரை வைத்து இயர்போன் ஒயரைச் சோதித்தார். இரண்டு பக்கமும் சரி. இனி உள்ளே திறந்து பார்க்க வேண்டியதுதான். டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி உரித்தார். இளகிப்போன பசை விரலெல்லாம் ஒட்டியது. கடைசிச் சுற்று கழன்றதும் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் தெரிந்தது. தெரியாமல் கை பட்டுப் பொத்தான்கள் அமுங்கிவிடாதபடி பூட்டி வைக்கிற சுவிட்ச். அது பூட்டிய பக்கம் தள்ளிக் கிடந்தது. அவர் சுற்றிய டேப்தான் அதை இழுத்து அங்கேயே அழுத்திப் பிடித்திருந்தது.

"என்னப்பா? அப்படியே உக்காந்துட்டீங்க?"

கட்டைவிரலால் தள்ளினார். பொத்தானை அமுக்கினார். கட்டிலில் கிடந்த இயர்போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எறும்பளவில் பாடியது.

மனைவியின் காதில் அதைப் பொருத்தினார். அவள் கண் திறந்தது.

"சரியாயிடுச்சா?"

"ம்."

"என்ன... கோளாறு?"

எந்த லிஃப்டுக்கும் இல்லாத கோளாறை அவர் சொன்னதில்லை.

"உள்ள ஒரு ஒயர் விட்டிருந்துச்சு."

"நான்தானே கீழ போட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் கைதான் சரியில்ல. உங்களைப் போட்டு நச்சரிச்சேன்."

"இல்லம்மா, அது வந்து..."

அவள் ஒரு விரலை லேசாகத் தூக்கினாள். பாட்டு ஓடுகிறது, பேசாதீர்கள் என்று அர்த்தம். அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த விரல் போர்வைமேல் தாளம் போட்டது. ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்று முடிந்தது. மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. தூங்குகிறாள் என்று நினைத்தார். மகள்தான் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள்.

ஜன்னல் வழியே வந்த வெயில் கட்டில் காலுக்கு இறங்கியிருந்தது.

"டாக்டருக்குப் போன் பண்ணணும்ப்பா." மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இயர்போன் பக்கம் கையைக் கொண்டுபோனாள். "எடுத்துடட்டுமா?"

"இந்தப் பாட்டு முடியட்டும்."

முடியும்வரை மகள் கையை அப்படியே வைத்துக் காத்திருந்தாள். பிறகு மெல்ல எடுத்தாள்.

மனைவியின் நெற்றியில் கலைந்து கிடந்த முடியை அவர் ஒதுக்கிவிட்டார். ஒரு நீள முடி அவர் கட்டைவிரல் பசையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை உதறாமல், அறுந்துவிடாதபடி, விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டார்.