மனு நாள்

பெஞ்சில் கிடத்தியிருந்த அக்காவுக்குப் பூ வைக்கப்போன சித்தியின் கையைப் பூவாயி தட்டிவிட்டாள். மல்லிச்சரம் பெஞ்சுக்கடியில் விழுந்தது.

"ஏண்டி, உங்கக்கா சுமங்கலியாப் போறா. பொட்டு வச்சாச்சு, பூ இல்லாம அனுப்புவியா?" என்றாள் சித்தி அம்புஜவல்லி.

நேற்று பீங்கான் கம்பெனியில் பூவாயி பொம்மை ஓரம் சீவிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா செத்துப்போனாள் என்று ஜெயிலிலிருந்து போன் வந்தது. நகக்கண்ணில் இன்னும் வெள்ளை மண். சீவுற கத்தி இடுப்பிலேயே இருந்தது.

கிணற்றுத் தகராறில் சொந்த அண்ணனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவன் அக்கா சாவித்திரியின் புருசன் கொளஞ்சியப்பன். 'பொம்பளன்னா சீக்கிரம் வுட்டுருவாங்க, நீ செஞ்சதா ஒத்துக்க' என்றான் அவளிடம். ஒத்துக்கொண்டாள். போலீஸ் அவளை வண்டியில் ஏற்றும்போது தாலிப்பொன்னைக் கழற்றி வாங்கிக்கொண்டான். கழுத்தில் மஞ்சக்கயிறு மட்டும் மிஞ்சியது. மூன்று வருசமாச்சு.

ஜெயிலில் ஆள் பார்க்க விடுவதற்கு மனு என்று பேர். மாசம் ஒருதரம் பூவாயி ஜங்ஷனில் ரயில் பிடித்துப் போவாள். கம்பிவலைக்கு அந்தப்பக்கம் சாவித்திரி தலைசீவிப் பொட்டு வைத்து நிற்பாள். ஒரே கேள்விதான்.

"அவரு வரலியா? பஸ்ஸு லேட்டா?"

அப்புறம் தூக்கம் போனது. சுவரோடு பேசினாள். மாத்திரை கொடுத்தார்கள். சோறு இறங்கவில்லை. போன மாசம் பூவாயியையே உற்றுப் பார்த்து, "நீங்க யாருக்கு மனு போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

வாசலில் கூட்டம் விலகியது. சலவை வேட்டியில் கொளஞ்சியப்பன். கையில் குங்குமப் பொட்டலம்.

"தள்ளு பூவாயி. எம் பொண்டாட்டி. நாந்தான் வைக்கணும்."

"வாங்க மாமா. இன்னிக்குத்தான் பஸ்ஸு கெடச்சுதா?"

பெண்கள் பக்கம் யாரோ செருமினார்கள். அவன் கட்டைவிரலைக் குங்குமத்தில் அழுத்திக்கொண்டு குனிந்தான்.

பூவாயி கத்தியை எடுத்தாள். அவன் இரண்டடி பின்னால் போனான். அவள் அக்கா கழுத்து மஞ்சக்கயிற்றை அறுத்தாள். நெற்றியில் சித்தி வைத்திருந்த பொட்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள்.

"அடிப்பாவி! புருசன் உசுரோட நிக்கிறப்பவேவா?" சித்தி வாயில் அடித்துக்கொண்டாள்.

"எங்க நிக்கிறான்? அவன் செத்து மூணு வருசமாச்சு சித்தி. அக்காவுக்குத்தான் யாரும் சொல்லல."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"தூக்குங்க," என்றாள்.

வெறும் நெற்றியோடு சாவித்திரி தெரு திரும்பினாள். காலி பெஞ்சுக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பன், சிவந்த கட்டைவிரலை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். துடைக்க யாரும் துணி கொடுக்கவில்லை.