இரண்டு லென்ஸும் ஒரு முழங்கையும்

கூடத்துச் சுவரில் மூன்று படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. முதல் படத்தில் ஒரு முழங்கை. அடுத்ததில் காற்றில் பறக்கிற ஒரு பின்னல் நுனி. மூன்றாவதில் ஒரு காதும், காதை ஒட்டிக் கொஞ்சம் கன்னமும். மூன்றும் அந்த வீட்டுப் பெண்ணுடையவை. எடுத்தவர் அவளைப் பெற்ற அப்பா. அவருக்குத் தொழிலே புகைப்படம் எடுப்பதுதான் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவுக்கு வருஷா வருஷம் அவர்தான் படக்காரர். யார் வீட்டுப் பிள்ளை ஓடிவந்தாலும் நெற்றி வியர்வை முதற்கொண்டு பளிச்சென்று விழும். பெற்றவர்கள் பார்த்துவிட்டு வாய் பிளப்பார்கள். சொந்த மகள் ஓடிவரும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு சனியன் வந்து கேமராவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருஷம் ஃபோகஸ் அவளை விட்டுவிட்டுத் தலைமையாசிரியரின் தொப்பியைப் பிடித்தது. தொப்பி அருமையாக வந்திருந்தது.

துண்டு துக்காணியாக விழுந்ததற்கெல்லாம் சட்டம் போட்டது மனைவி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவளே விளக்கமும் சொல்லுவாள்.

"தூக்கிப் போட மனசு வரல. வருஷத்துக்கு ஒரு துண்டா சேத்துக்கிட்டே வந்தா, கல்யாணத்துக்குள்ள முழுப் பொண்ணும் வந்துடுவா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். படக்காரரும் சிரிப்பார். சிரித்து முடித்து உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வார். அவருக்கு அது உண்மையிலேயே வலித்தது. அடுத்த வருஷம் மகள் வேறு பள்ளிக்குப் போகிறாள். அங்கே படமெடுக்க வேறு ஆள். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

குற்றவாளி யார் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். லென்ஸ்தான். எட்ட இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டுகிற ஜூம் லென்ஸ். மகளைவிட வயதில் மூத்தது. ரப்பர் வளையம் தளர்ந்துபோய், அதை ஒரு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார். இப்போது அதே லென்ஸில் புதுசு வந்திருக்கிறது. எடை குறைவு, கண் மூடித் திறப்பதற்குள் ஃபோகஸ் பிடிக்குமாம். கடைக்காரர் பழகியவர். "பழசைக் குடுத்துட்டு இதை எடுத்துக்குங்க சார். இப்பவே சொல்ல வேணாம். ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கையில் கொடுத்தனுப்பினார்.

"மத்த பிள்ளைங்கள்லாம் இதே பழசுலதானே விழுந்திருக்காங்க?" என்றாள் மனைவி.

"அவங்கள்லாம் மெதுவா ஓடுறாங்க."

"போன வருஷம் முதல்ல வந்த பொண்ணுமா?"

படக்காரர் லென்ஸ் மூடியைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த மூடிதான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே மைத்துனன் வந்து இறங்கினான். மனைவியின் தம்பி. அவனுக்குக் குடும்பத்தில் 'ஆராய்ச்சி' என்று பெயர். இன்றுவரை ஒரு கேமரா வாங்கியதில்லை. ஆனால் உலகத்தில் எந்த மூலையில் எந்த லென்ஸ் வெளிவந்தாலும், அதைப் பற்றி யார் என்ன பேசினாலும், முதல் ஆளாக உட்கார்ந்து பார்த்துவிடுவான். நீச்சல் தெரியாமல் கரையில் நின்றுகொண்டு ஆழம் சொல்கிற ஜாதி.

இரண்டு லென்ஸிலும் எதிர்வீட்டுச் செங்கல் சுவரைப் படமெடுக்க வைத்தான். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி, மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்தான்.

"நடுவுல ரெண்டும் ஒண்ணுதான் அத்தான். மூலையைப் பாருங்க. புதுசுல மூலை எப்படிக் கத்தி மாதிரி இருக்கு பாருங்க!"

"பொண்ணு என்ன மூலையிலயாடா ஓடப் போறா?" என்றாள் அக்கா.

"உனக்குப் புரியாதுக்கா."

"எனக்குச் செங்கல்தான் புரியுது."

ஆனால் புதுசில் ஒரு வில்லங்கம் இருந்தது. பழசில் ஜூம் வளையம் கைக்கு வாகாகக் கேமராப் பக்கம் இருக்கும். ஃபோகஸ் வளையம் முன்னால். புதுசில் இரண்டையும் இடம் மாற்றித் தொலைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் பழகிய கை, கிட்டே இழுக்க வேண்டும் என்று நினைத்தவுடன் தானாகப் பழைய இடத்துக்குப் போய்த் திருகும். அங்கே இருப்பதோ ஃபோகஸ். நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த செங்கல் சுவர் ஒரே திருகலில் சிவப்புக் கஞ்சியாகிவிடும்.

கையைப் பழக்குவது என்று படக்காரர் முடிவு கட்டினார். தண்ணீர் பாட்டிலை அடியில் பிடித்துத் திருகினார். பிறகு கழுத்தில் பிடித்துத் திருகினார். குடைக் கம்பி, சுருட்டிய செய்தித்தாள், எதுவும் தப்பவில்லை. "தூக்கத்துல என் கையைப் புடிச்சுத் திருகுறீங்க" என்று மனைவி ஒரு நாள் காலையில் முறையிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். மகளையும் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிவு நாடாவுக்குப் பக்கத்தில் படமெடுக்க மாட்டார். நாடா பிடிக்கிறவர்களின் கை குறுக்கே வந்து முகத்தை மறைத்துவிடும். அதனால் நாடாவுக்குச் சற்று முன்னால் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, அந்த இடத்துக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார். இப்போது அதே மாதிரி ஒரு கோட்டை வீட்டு கேட்டுக்கு முன்னால் இழுத்தார். மகள் தெருமுனையிலிருந்து ஓடிவர வேண்டும். கேமரா படபடவென்று அடிக்கும். கோட்டுக்கு வந்ததும் அவள் நிற்க வேண்டும். அவர் திரையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்தது.

"விழுந்துச்சாப்பா?"

"இல்லம்மா. வளையத்தை மாத்தித் திருகிட்டேன். இன்னொரு தடவை."

மறுபடி தெருமுனை. மறுபடி படபட. மறுபடி நின்று, திரும்பி, "விழுந்துச்சா?" வாரம் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதுவே வேலை. பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் மதில்மேல் எட்டிப் பார்த்து, "பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு சார்?" என்று கேட்டுவிட்டார். வாரக் கடைசியில் படம் விழ ஆரம்பித்தது. ஒன்று விழுந்தது, பிறகு எல்லாமே விழுந்தன. "இனிமே இந்தக் கை புதுசுக்கு அடிமை" என்று படக்காரர் மைத்துனனிடம் கையை நீட்டிக் காட்டினார். அவன் தொட்டுப் பார்த்தான்.

விழா நாள். படக்காரர் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போய், நாடா பிடிக்கும் இடத்துக்கு முன்னால் வழக்கம்போலக் கோட்டை இழுத்தார். புது லென்ஸை மாட்டினார். பழசைப் பையின் அடியில் துணி சுற்றி வைத்தார்.

நூறு மீட்டர். விசில் ஊதியதும் மகள் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி கிளம்பினாள். பாதித் தூரத்தில் தனியாக முன்னால் வந்துவிட்டாள். படக்காரரின் கை சரியான வளையத்தைச் சரியான பக்கம் திருகியது. கண்ணாடிக்குள் அவள் முகம் நிறைந்தது. முழங்கை இல்லை, காது இல்லை, முழு முகம். அவர் விரலை அழுத்தினார். கேமரா படபடவென்று அடித்தது.

கோட்டுக்கு வந்த மகள் நின்றாள். திரும்பினாள்.

"விழுந்துச்சாப்பா?"

படக்காரர் திரையைப் பார்த்தார். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"விழுந்துருச்சும்மா!" என்று கத்தினார்.

அப்புறம்தான் அவருக்குப் பின்னணி உறைத்தது. நாடா அறுந்து கிடந்தது. மூன்று பெண்கள் அதற்கு அந்தப் பக்கம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மகளும் அதைப் பார்த்துவிட்டு ஓடி நாலாவதாகப் போய்ச் சேர்ந்தாள். மைதானத்தில் யாருக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. மனைவி மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும்.

மகள் மரத்தடியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். படக்காரர் பக்கத்தில் போய்க் குந்தினார். அவமானத்தில் காது வரை சூடாக இருந்தது. ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"இருந்தாலும் படத்தை ஒரு தடவை பாரேன். இமை மயிரைக்கூட எண்ணலாம்."

"அப்பா."

"சரிம்மா."

ஷூ கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும் இருநூறு மீட்டர் இருக்கு" என்றாள்.

"நான் படமே எடுக்கல. போதுமா?"

"நீ எடுக்கலன்னா பள்ளிக்கூடத்துல சும்மா விடுவாங்களா? எடு. ஆனா அந்தப் பழசைப் போடு."

"பழசா? அதுல நீ விழவே மாட்டியேடா!"

"அதுக்குத்தான் சொல்றேன். விழ மாட்டேன்னு தெரிஞ்சா விழுந்துச்சான்னு கேக்க வேணாம். நான் பாட்டுக்கு ஓடுவேன்."

படக்காரர் எழுந்துபோய், தான் போட்ட கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தார். ஒரு துளி வெள்ளைகூடத் தெரியாத அளவுக்குத் தேய்த்தார். பையின் அடியிலிருந்து பழசை எடுத்து மாட்டினார். ரப்பர் பேண்டைச் சரி செய்தார்.

இருநூறு மீட்டரில் அவள் வளைவில் பின்தங்கித்தான் இருந்தாள். வளைவு முடிந்ததும் ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். படக்காரர் வளையத்தைத் திருகினார். ஒரு வாரமாகப் புதுசுக்குப் பழக்கிய கை. அது நேரே முன்வளையத்துக்குப் போனது. பழசில் அங்கே இருப்பது ஃபோகஸ். மகள் ஒரே திருகலில் கஞ்சியானாள். பதறிப்போய் மற்றதைத் திருகினார். அதற்குள், வாய் தன்பாட்டில் "ஓடு! நிக்காத! ஓடு!" என்று கத்திக்கொண்டிருந்தது. கத்துகிறவர் கையில் கேமரா நிற்குமா? குதித்தது. எதையோ அழுத்தினார்.

கண்ணை எடுத்துப் பார்த்தபோது நாடா அவள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பறந்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை. படக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த உடற்பயிற்சி ஆசிரியரின் தோளில் சாய்ந்தே அழுதார். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல், படக்காரரின் கேமராவைத் தட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை புது லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் நூறு மீட்டர் படத்தைப் பார்த்து அசந்துபோனார்.

"என்ன சார், இப்படி ஒரு படம் விழுந்த பிறகுமா யோசிக்கிறீங்க? இதுல என்ன குறை கண்டீங்க?"

"லென்ஸுல ஒரு குறையும் இல்ல" என்றார் படக்காரர். "குறை எங்கிட்டதான். எம் பொண்ணைப் பாத்தா எனக்குக் கை நடுங்குது. அதுக்கு உங்க கடையில ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

துணைக்கு வந்திருந்த மைத்துனன் வெளியே வந்ததும் காதோடு காதாகச் சொன்னான்: "நல்ல வேலை பண்ணீங்க அத்தான். இதுலயே மூணாவது மாடல் வரப்போகுதாம். அது வந்தா இந்தப் புதுசு பழசு."

கூடத்துச் சுவரில் இப்போது நான்கு படங்கள். நான்காவதில் மங்கலாக ஒரு குதிகால், அதற்கு மேலே பறக்கிற நாடாவின் நுனி. நேற்று வந்த உறவுக்கார அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனை வருஷத்துல முகம் ஒண்ணுகூடவா சரியா விழல?" என்று மகளிடமே கேட்டாள்.

"விழுந்துச்சு அத்தை. ரொம்ப நல்லா விழுந்துச்சு" என்றாள் மகள். "ஆனா முகம் நாலாவதா வந்துச்சு. குதிகால்தான் முதல்ல வந்துச்சு."