சில்லு இல்லாத சாமான்

லண்டனில் குடியேறிய தமிழர்களில் மூடநம்பிக்கையை முற்றாக விட்டொழித்த மனிதர் ஒரே ஒருவர்தான், அது தான்தான் என்று ஆனந்தராஜா அறிவித்தார். அறிவித்த இடம் விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வாசல். பூசை முடிந்து சனம் செருப்புத் தேடுகிற நேரமாகப் பார்த்து அறிவித்தார்.

அவருக்கு முன்னால் மனைவியின் தமையன் சபாரத்தினம் வாங்கிய புது டொயோட்டா நின்றது. ஐயர் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டு, நாலு சில்லுக்குக் கீழேயும் நாலு தேசிக்காய் வைத்திருந்தார். சபாரத்தினம் சாவியைத் திருப்பி ஒரு முழம் முன்னுக்கு எடுத்தார். நாலும் நசுங்கின. சனத்துக்குத் திருப்தி.

"இந்தக் காரைச் செய்த யப்பான்காரன் ஒரு தேசிக்காயும் வைக்கேல்லை, மச்சான்," என்றார் ஆனந்தராஜா.

"அவன் செய்து தந்தவன். சவுத் சேர்குலர் றோட்டிலை ஓடப்போறது நான்."

"நாளும் பாத்தே எடுத்தனீங்கள்?"

"பின்னை? வியாழக்கிழமை ராகுகாலம் மூண்டு மணியோட முடியுது. மூண்டே காலுக்குக் கையெழுத்து வைச்சனான்."

ஆனந்தராஜா இதற்காகத்தான் காத்திருந்தார். "போன மாதம் வெயில்காலத்துக்கெண்டு நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைச்சவையெல்லே. அதை ராகுவுக்கு ஆர் அறிவிச்சது? கவுன்சில் கடிதம் போட்டதோ? கிறீனிச் கணக்கிலை நீங்கள் கையெழுத்து வைச்சது ரெண்டே காலுக்கு. நடு ராகுகாலம்."

சபாரத்தினத்தின் முகத்தில் இருந்த சந்தனம் கொஞ்சம் வெடித்தது. இப்படி ஒரு கணக்கு இருப்பது அவருக்கு அதுவரை தோன்றவில்லை.

"நானும் ஒரு சாமான் வாங்கப்போறன்," என்று ஆனந்தராஜா குரலை உயர்த்தினார். "நாளும் பாரன், கோளும் பாரன். துவக்கு."

சொன்னது துப்பாக்கி என்று விளங்கியதும், செருப்புத் தேடிக்கொண்டிருந்த இரண்டுபேர் தேடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் தன் குடும்பத்தைக் காருக்குள் ஏறச் சொன்னார்.

"களிமண் தட்டுச் சுடுற துவக்கு," என்று ஆனந்தராஜா விளங்கப்படுத்தினார். "மெஷின் தட்டை மேலை எறியும், நாங்கள் சுடுறது. விளையாட்டு. வெள்ளைக்காரர் எல்லாம் செய்யினம்."

"வாங்கும், வாங்கும்," என்றார் சபாரத்தினம். "அதுக்கும் தேசிக்காய் வைப்பம்."

"எங்கை வைப்பியள்? அதுக்குச் சில்லே இல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். தவமலர் மட்டும் சிரிக்கவில்லை. தன் புருசன் துவக்கு வாங்கப்போகிறார் என்பதை, அவர் மனைவியாகிய அவளும் அந்தக் கோயில் வாசலில் வைத்துத்தான் அறிந்துகொண்டாள்.

*

ஆனந்தராஜா ரூட்டிங்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினொரு வருசமாக வில்லை வெட்டுகிறவர். கூட வேலை செய்யும் கீத் என்பவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சறேப் பக்கம் ஒரு வயலுக்குக் கூட்டிப்போனான். அங்கே இரவல் துவக்கால் இருபத்தைந்து தட்டுக்குச் சுட்டார். ஒன்று உடைந்தது. முன்பின் தெரியாத ஏழெட்டுப்பேர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். வெடிச்சத்தம் கேட்டுச் சனம் ஓடுவதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கைதட்டுவதை அன்றுதான் கண்டார். திங்கட்கிழமையே லைசன்சுக்கு எழுதிப்போட்டார். மற்ற இருபத்துநாலு தட்டைப்பற்றி அவர் யாருக்கும் சொல்லவில்லை.

லைசன்ஸ் வருமுன் வாங்க ஏலாது. ஆனால் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே சனிக்கிழமை தோறும் குறொய்டனில் இருந்த துவக்குக் கடைக்குப் போய், பெண் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். இங்கிலீசுத் துவக்கின் விலைக்கு இல்ஃபேர்ட்டில் வீடு வாங்கலாம். ரஷ்யத் துவக்கு மலிவு, ஆனால் தூக்கினால் ட்ராக்டர். ஒரு ஸ்பானியத் துவக்கு இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு குழல், தோளில் முட்டுக்கொடுக்க வால்நட் மரப் பிடங்கு. அதைத் தோளில் வைத்தபோது அது முன்னமே அவரை அறிந்திருந்ததுபோல் வந்து பொருந்தியது.

கடைக்காரக் கிழவர் பிரிச்சர்ட் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "துவக்கைக் கீழே வையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி விரலை நீட்டி என் மூக்கைக் காட்டுங்கள்."

காட்டினார்.

"நினைத்தேன். உங்களுக்கு இடக்கண்தான் எசமான். வலத்தோளில் வைத்துக்கொண்டு இடக்கண்ணால் குறி பார்க்கிறீர்கள். இப்படிச் சுட்டால் தட்டுக்குப் பக்கத்து ஊர்தான் விழும். நீங்கள் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியின் இடப்பக்க வில்லையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், சரிவரும்."

"மிஸ்டர் பிரிச்சர்ட், பதினொரு வருசமாகக் கண்தான் என் தொழில்," என்றார் ஆனந்தராஜா, மிகுந்த மரியாதையோடு. டேப் ஒட்டின கண்ணாடி பள்ளிக்கூடத்தில் அடிபட்ட பொடியனுக்குரியது என்பது அவர் கொள்கை.

*

மே மாதம் பொலிசிலிருந்து ஒருவர் கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு வந்தார். துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரியைக் கட்டாயம் செங்கல் சுவரில்தான் போல்ட் அடித்துப் பூட்டவேண்டும் என்றார். ஒவ்வொரு அறையாகப் போய் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். எல்லாம் பொள்ளல். வீட்டிலே திடமான சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலே பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் மாட்டியிருந்தார்கள்.

"இந்தப் படங்களுக்குக் கீழே பூட்டலாம்," என்றார் அதிகாரி. பிறகு தவமலர் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸிஸ் ஆனந்தராஜா, இந்த வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

ஆனந்தராஜா அவளுக்காக ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தார். இது வெறும் சம்பிரதாயக் கேள்வி என்பதுபோல.

"எனக்கு இப்போது தெரியாது," என்றாள் தவமலர் இங்கிலீசில். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

அதிகாரி பேனையை மூடினார். வருகிற வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுப்பதாகவும், அவள் சொல்வதை அப்படியே எழுதப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் ஆனந்தராஜா கேட்டார். "ஏன் நீர் ஓமெண்டு சொல்லேல்லை? ஒரு சொல்லெல்லே."

"துவக்கு வீட்டுக்கை வந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஊரிலை சண்டை துவங்க முதல், எண்பத்திரண்டிலையே வந்திட்டீங்கள்."

"இது வேறை துவக்கு, மலர்."

"எங்கட வளவுக்கை துவக்கோட வந்தவை ஒருதரும் தட்டுச் சுட வரேல்லை."

அவள் லண்டனுக்கு வந்தது எண்பத்தேழில். இப்போதும் நவம்பர் ஐந்தாம் திகதி வெள்ளைக்காரர் ஊரெல்லாம் வாணம் விட்டால், படிக்கட்டுக்குக் கீழே வக்கூம் கிளீனருக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுவாள். ஆனந்தராஜா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் குடித்தார். கோப்பை வெறுமையான பிறகும் கொஞ்சநேரம் குடித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வாரும்," என்றார் கடைசியில். "வந்து பாரும். பாத்திட்டு வேண்டாம் எண்டால் வேண்டாம். நான் கேக்கமாட்டன்."

*

அவர்களுடைய பழைய டட்சன் கார் நாள் பாராமல் வாங்கியது. அதில் ஹீட்டர் வேலை செய்யாது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை ஆனந்தராஜா வழியெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டு போனார். தவமலர் சேலைக்கு மேலே கோட்டுப் போட்டு மடியில் கையைப் பொத்தியபடி இருந்தாள்.

வயலில் கீத் அவளுக்குக் காது மூடி ஒன்று தந்தான். முதல் வெடிக்கு அவள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஆனந்தராஜா அவளிடம் போகவில்லை. போனால் திரும்பி வீட்டுக்கு ஓட்டவேண்டி வரும் என்று பயந்தார். ஐந்தாம் வெடிக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். பத்தாம் வெடிக்கு ஒரு கால் வெளியே வந்தது.

அப்போது எழுபது வயது மதிக்கக்கூடிய வெள்ளைக்கார மனுசி ஒருத்தி சுட்டுக்கொண்டிருந்தாள். காதிலே முத்துத் தோடு. ஒரு தட்டு வானத்திலே கறுப்புத் தூளாகப் போனது. மனுசி துவக்கை மடித்து வைத்துவிட்டு பிஸ்கட் எடுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

தவமலர் புல்லில் நடந்து புருசனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"உடைஞ்சதை ஒருதரும் தேடிப் போறேல்லையோ?"

"இல்லை. தட்டெல்லே."

அவள் அந்தத் தூள் விழுந்த இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஆனந்தராஜாவின் முறை வந்தது. பதினொரு தட்டுப் போனது. பதினொன்றும் முழுசாகப் போய், முழுசாகவே பக்கத்துத் தோட்டத்தில் இறங்கியது. காற்று என்றார். தோட்டா பழசு என்றார். பன்னிரண்டாவதற்கு அவர் துவக்கைத் தோளில் வைத்தபோது தவமலர் காது மூடியை ஒரு பக்கம் நகர்த்தினாள்.

"நீங்கள் ஊசிக்கு நூல் கோக்கேக்கை வலக்கண்ணையெல்லோ மூடுறனீங்கள்."

"அதுக்கு?"

"இடக்கண்ணாலைதான் நீங்கள் பாக்கிறது. இப்பவும் அதாலைதான் பாக்கிறியள். தலை சரியுது, நான் முதல் தட்டிலை இருந்து பாக்கிறன்."

ஆனந்தராஜா துவக்கை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, குறொய்டன் கிழவர் சொன்னதை வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். "டேப் இருந்தால் ஒட்டலாம்தான். இஞ்சை எங்கை டேப்?"

தவமலர் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, இடப்பக்க வில்லையின் நடுவில் அதை ஒட்டி, திருப்பி அவர் மூக்கில் போட்டுவிட்டாள். அரக்குச் சிவப்பு, நடுத்தர அளவு.

"ஆக்கள் பாக்கினம்," என்றார் ஆனந்தராஜா மெதுவாக.

"பாக்கட்டும். நீங்கள் தட்டைப் பாருங்கோ."

பன்னிரண்டாவது தட்டும் தப்பியது. களிமண்ணுக்குக் கதையின் அருமை தெரியாது. பதின்மூன்றாவது நடுவானில் வெடித்துத் தூளாகியது. பதினாலாவதும். முத்துத் தோட்டு மனுசி "நல்லது" என்றாள். எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு பின்னால் இன்னும் ஒரு சோடிக் கை தட்டிக்கொண்டிருந்தது. காது மூடி கழுத்திலே தொங்க, வெறும் நெற்றியோடு தவமலர் நின்றாள்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி வந்தது. "ஆட்சேபணை இல்லை," என்று அவள் சொல்வதை ஆனந்தராஜா படிக்கட்டில் இருந்து கேட்டார். "அலுமாரியைப் படத்துக்குக் கீழேயே பூட்டலாம். அவை மேலை இருந்து பாத்துக்கொள்ளுவினம்." கடைசி வசனத்தை அவள் தமிழில் சொன்னாள். அதிகாரி அதை எழுதினாரோ தெரியாது.

*

ஜூன் மாதம் லைசன்ஸ் தபாலில் வந்தது. வியாழக்கிழமை அரைநாள் லீவு.

"நாள் பாக்கச் சொல்லி நான் கேக்கமாட்டன்," என்றாள் தவமலர், அவருக்குக் கோட்டை எடுத்துக் கொடுத்தபடி. "அது உங்கட கொள்கை."

"ஓம், கொள்கைதான்," என்றார் ஆனந்தராஜா.

இரண்டேகாலுக்கு டட்சன் துவக்குக் கடைக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே இருந்த மனிதர் இறங்கவில்லை. பத்திரிகையை விரித்தார். வாசித்து முடித்து, பின்பக்கத்தில் இருந்து திரும்ப வாசித்தார். மூன்று மணிக்குத் தெருக்கோடித் தேவாலயத்து மணி அடித்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவுப் பிடியில் கை வைத்தார். பிறகு, கிறீனிச்சில் இன்னும் இரண்டு மணிதான் என்று நினைத்தாராக்கும், கையை எடுத்துவிட்டுப் பத்திரிகையில் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்தார். அவருக்குக் குதிரை பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு போக்குவரத்து வோர்டன் இரண்டுதரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

நாலு மணி ஐந்து நிமிசத்துக்கு ஆனந்தராஜா கடைக்குள் போனார்.

பிரிச்சர்ட் அந்த ஸ்பானியத் துவக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடியின் இடது வில்லையில் இருந்த பொட்டைப் பார்த்தார். அதன் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இப்போது சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு லைசன்சில் எழுதத் தொடங்கினார்.

முன்னால் நின்ற டட்சனுக்குப் போகாமல் அவர் கடைக்குப் பின்னால் போனார். அங்கே கார் நிறுத்துமிடத்தில் ஒருவரும் இல்லை. குப்பைத் தொட்டிமேல் ஒரு புறா மட்டும் இருந்தது. ஆனந்தராஜா உறையிலிட்ட துவக்கைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இடமும் வலமும் பார்த்தார். பிறகு ஒரு கையை விடுவித்து, கோட்டுப் பையிலிருந்து இரண்டு தேசிக்காயை எடுத்தார். இரண்டு குழலுக்கு இரண்டு. குனிந்து தார்த்தரையில் அரை முழ இடைவெளியில் வைத்தார். ஒன்று உருண்டது, சப்பாத்து நுனியால் தடுத்து, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

துவக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு அடி முன்னுக்கு எடுத்தார்.

வலக்காலை முதலில் தேசிக்காயின் மேல் வைத்தார்.