ஐந்நூற்றொன்றாவது தவசிலிங்கம்

ரத்னமாலா பன்னீர் சோடா கம்பெனி தன் பொன்விழாவுக்காக விருதுநகர் தவசிலிங்கத்தின் முகத்தை ஐந்நூறு பாட்டில்களில் அச்சடித்து, இந்த முகம் ஐந்நூற்றுக்கு மேல் எங்கேயும் கிடைக்காது என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்துவிட்டதால், தவசிலிங்கம் ஊரில் ஒருவர் கூடுதலாகிப் போனார்.

அவர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அண்டா, குண்டா, நாற்காலி, கரண்டி எல்லாம் கொடுப்பார். மத்தியானம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரத்னமாலா குடிப்பார். கண்ணைத் திறந்து குடித்தால் வாசம் பாதி வெளியே போய்விடும் என்பது அவர் கட்சி. அந்த மூடிய கண்களைத்தான் கம்பெனிக்காரர்கள் படம் பிடித்து லேபிளில் போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நிஜத்தில் அவர் அவ்வளவு அழகு கிடையாது.

வாங்கியவர்கள் யாரும் அதைக் குடிக்கவில்லை. குடிக்க அதே சோடா சாதாரணப் பாட்டிலில் கிடைக்கிறதே! இதை ஷோகேஸில் வைத்தார்கள், பட்டுத்துணியில் சுற்றி பீரோவில் பூட்டினார்கள், விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டி மறுபடி பூட்டினார்கள். தவசிலிங்கத்தின் மனைவி ராஜகனியும் கடைக்காரரிடம் சொல்லிவைத்து ஒன்று வாங்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண். நகைப்பெட்டி இருந்த இடத்தில் அது இருந்தது, நகைப்பெட்டி அடுப்படிக்குப் போனது.

மகள் செல்வபாரதிக்குக் கோவில்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது அந்தப் பாட்டிலால்தான். மாப்பிள்ளையின் அம்மா சொர்ணத்தாய் பவுன் பேச்சே எடுக்கவில்லை.

“மதினி, நகை நட்டு உங்க இஷ்டம். சீர்வரிசைல அந்த இருநூத்துப் பன்னெண்ட மட்டும் வச்சிருங்க. எங்க ஷோகேஸ்ல நடுத்தட்டு காலியாத்தான் கெடக்கு” என்றாள்.

ராஜகனி சரி என்றாள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். தவசிலிங்கத்துக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஊரிலுள்ள அத்தனை கல்யாணத்துக்கும் பாத்திரம் ஏற்றிவிட்டு, முகூர்த்தம் பார்க்காமலே திரும்பியவர் அவர். இந்த ஒரு கல்யாணத்திலாவது மணவறையில் நின்று, மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆபீசர் கோகுலப்பிரியன் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்ணா. நேத்து நீங்க மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்கியிருக்கீங்க. பாட்டில் வெச்சிருக்கறவங்க நாலஞ்சு பேரு பார்த்துட்டாங்க. ஐந்நூறுன்னு சொல்லிப்போட்டு ஒண்ணு கூட சுத்துதேன்னு கேக்கறாங்க. எங்களால பதில் சொல்ல முடியலீங்ணா.”

தவசிலிங்கம் யோசித்தார். கணக்கு விஷயத்தில் மனுஷன் ரொம்பக் கறார். கத்தி தன் கழுத்துக்கே வந்தாலும் கணக்கு சரியாக இருந்தால் தலையை நீட்டுகிற ஆள். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஒரு கரண்டி கூடுதலாகத் திரும்பி வந்துவிட்டது. வேறு ஆளாயிருந்தால் லாபம் என்று வைத்துக்கொள்வான். இவர் அந்தக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து சொந்தக்காரியைக் கண்டுபிடித்தார்.

“நியாயந்தான் தம்பி. கொறஞ்சா மட்டுமில்ல, கூடுனாலும் தப்புதான்” என்றார்.

அன்று முதல் அவர் கடையின் பின்கட்டில், இருப்பதிலேயே பெரிய பிரியாணி அண்டாவுக்குள் இருந்துகொண்டார். ஆள் வந்தால் ராஜகனி மூடியைப் போடுவாள், போனால் எடுப்பாள். உள்ளே உட்கார்ந்தபடியே வியாபாரமும் பார்த்தார். எந்த தேக்சா எங்கே இருக்கிறது என்று அண்டா சொன்னால் வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். குரல் லேபிளில் அச்சடிக்கப்படவில்லை, அதனால் யாரும் குறை சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு என்ன செய்வது என்பதற்கும் கோகுலப்பிரியன் வழி வைத்திருந்தான். மணவறையில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் இருநூற்றுப் பன்னிரண்டை வைத்துவிடலாம். முகம் அதே முகம்தான். கணக்கிலும் இருக்கிறது.

செல்வபாரதி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பாட்டில் என் கையைப் புடிக்குமா அப்பா?” என்றாள்.

தவசிலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது, அண்டாவுக்குள் அழுதால் எதிரொலிக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

மறுநாள் அவருக்குத் தன் தொழிலிலேயே விடை கிடைத்தது. வாடகைக்குப் போன டம்ளர் ஒன்று தொலைந்தால், அதே மாதிரி இன்னொன்றை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது வழக்கம். ஐந்நூறில் ஒன்று குறைந்தால், அந்த இடத்தில் அவர் வந்துகொள்ளலாம் அல்லவா? கோகுலப்பிரியன் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினான்.

“ஒத்துக்கிட்டாங்கண்ணா. ஆனா உடைக்கக் கூடாது, கொட்டக் கூடாது. ஒருத்தரு முறையாக் குடிச்சு முடிக்கோணும். குடிச்சா அந்த நம்பர் உங்களுக்கு. அப்புறம் இன்னொண்ணுங்ணா. லேபிள்ல எப்படியோ அப்படியே இருக்கோணும். கண்ணைத் திறக்கக் கூடாது.”

பார்க்க முடியாது, தொடலாம். தவசிலிங்கம் சம்மதித்தார்.

பிறகு ராஜகனி வீடு வீடாகப் போனாள். பாட்டில் வைத்திருந்த எல்லோரையும் கேட்டாள். எல்லோரும் நல்லவர்கள்தான். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள். குடிக்க மட்டும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. எண்ணெய்க்கடை பால்ராஜ், தவசிலிங்கத்தோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், கண் கலங்கியபடிதான் மறுத்தார்.

“தொறக்காத வரைக்கும் அது தவசி, மதினி. தொறந்துட்டா அது சோடா” என்றார்.

மிச்சமிருந்தது பீரோவில் இருந்த பாட்டில் ஒன்றுதான். அது சீர். அதைத் தொட்டால் கல்யாணம் நின்றுவிடும். புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

கல்யாணத்தன்று அண்டாவைத் தட்டுவண்டியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய், மணவறைக்குப் பின்னால் தூணோரம் இறக்கினார்கள். உள்ளே தவசிலிங்கம் பட்டுவேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டி கட்டியிருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் கட்டிக்கொண்டார்.

மூடியின் வழியே எல்லாம் கேட்டது. நாயனம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரை ராஜகனி வரவேற்பது கேட்டது. ஐயர், “பொண்ணுக்குத் தகப்பனார் வரணும்” என்றார். நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. அது தன் கடை நாற்காலி, ஒரு கால் ஆடும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. கண்ணாடிப் பாட்டிலை அதன்மேல் வைத்தார்கள். ‘டொக்’ என்றது.

திடீரென்று கரண்டிக் காம்பால் பாட்டில் மூடியை நெம்புகிற சத்தம். ‘புஸ்’ஸென்று காற்று போனது. பன்னீர் வாசம் அண்டாவுக்குள் வந்தது. தவசிலிங்கம் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜகனி நின்ற நிலையில் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேஸ் சேராது. நடுவில் இரண்டு முறை ஏப்பம் விட்டாள், மூன்றாவது ஏப்பம் அழுகையோடு சேர்ந்து வந்தது. ஆனாலும் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. வீடியோக்காரர் லைட்டை அவள் பக்கம் திருப்பினார். கோகுலப்பிரியனும் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். கேமரா சத்தம் தவசிலிங்கத்துக்குக் கேட்டது.

“மதினி, அது எங்க சீர்ல்லா?” என்று சொர்ணத்தாய் கேட்டாள்.

“சீரு உள்ளதான் இருக்கு மதினி. இந்தா வருது” என்றாள் ராஜகனி.

அண்டாவின் மூடி திறந்தது. இரண்டு பேர் கைகொடுத்து அவரைத் தூக்கி இறக்கினார்கள். கோகுலப்பிரியன் அவர் பிடரியில் ஜில்லென்று எதையோ ஒட்டினான். இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணும், மினுமினுக்கும் முத்திரையும், காலாவதித் தேதியும் அதில் இருந்தன. சொர்ணத்தாய் பின்னால் வந்து வாசித்துப் பார்த்தாள்.

“தை வரைக்கும் இருக்கு. தேதி முடிஞ்சாத்தான் இதுக்கெல்லாம் மவுசு” என்று திருப்தியோடு போய் உட்கார்ந்தாள். ஐந்நூறு ஐந்நூறாகவே இருந்தது. பால்ராஜ் எழுந்து நின்று கைதட்டினார்.

கண்ணை மூடியபடியே தவசிலிங்கம் மகளின் கையைப் பிடித்தார். மருதாணி காய்ந்து சொரசொரவென்றிருந்தது. அந்தக் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தபோது, பிறந்த அன்று அவளைத் துணியோடு கையில் வாங்கியது ஞாபகத்துக்கு வந்தது. ராஜகனி அவர் காதோரம் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இப்ப தாலிய எடுக்காரு. கட்டுதாரு. மொத முடிச்சு. உங்க மக குனிஞ்சிருக்கா. சிரிக்கா. இல்ல, அழுகா. ரெண்டும்.”

சாப்பாடு முடிந்து சீர்வரிசை ஏற்றும் நேரம் வந்தது. பழத்தட்டு, வெண்கலக் குத்துவிளக்கு, பருப்புச்சட்டி, பித்தளைக் குடம் எல்லாம் வேனில் ஏறின. கடைசியாகத் தவசிலிங்கம் ஏறினார். பக்கத்தில் பழைய போர்வைகளைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார்கள். குலுங்கினால் பொங்கிவிடும்.

எல்லாக் கல்யாணத்திலும் இந்த இடத்தில் பெண் அழுவாள், தாய் தேற்றுவாள். இங்கே செல்வபாரதி அப்பாவும் கூடவே வருகிறார் என்ற சந்தோஷத்தில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அழுதது தவசிலிங்கம்தான். மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது. ராஜகனி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“போற எடத்துல நல்ல பேரெடுங்க. அத இதக் கேட்டு நச்சரிக்காதீங்க. குடுத்தத சாப்புடுங்க. எங்க வீட்ல அப்படி, இப்படின்னு பேசாதீங்க.”

“கடைய யாரு பாத்துக்குவாங்க?”

“நான் பாத்துக்குவேன். அழுகாம போயிட்டு வாங்க.”

வேன் புறப்பட்டது. அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்பது அவருக்குத் தெரியாது.

கோவில்பட்டியில் அவரை நன்றாகவே வைத்திருந்தார்கள். ஷோகேஸின் நடுத்தட்டை எடுத்துவிட்டு உயரத்தைச் சரிசெய்தார்கள். வெயில் படாத மூலை. காற்றுக்காகக் கண்ணாடிக் கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தார்கள். செல்வபாரதி காலையில் தூசி தட்டுகிற சாக்கில் வந்து, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். விருந்தாளிகள் வந்தால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, லேபிளில் உள்ளபடியே நின்றார். கணக்கில் இருக்கிறோம் என்ற நிம்மதி அவருக்கு இருந்தது. ராஜகனி இல்லாததுதான் குறை. அது பெரிய குறை.

மறுவீட்டுக்கு அழைக்க ராஜகனி வந்தாள். பொண்ணும் மாப்பிள்ளையும் பைக்கில் முன்னால் போனார்கள். சீரைப் பைக்கில் கொண்டுபோக முடியாது என்பதால் ராஜகனி அவரைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனாள். சொர்ணத்தாய் வாசல்வரை வந்து, “குலுக்காம கொண்டு போயி, குலுக்காம கொண்டு வாங்க மதினி” என்றாள்.

ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, ஒரு கையால் தோளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து நின்றார்.

“இது தொறக்காததுதான?”

“தொறக்கல.”

அவளுக்கு ஒரு டிக்கெட்டும் அவருக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சாத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் ஏறி இறங்கியது. தவசிலிங்கத்தின் மூக்கில் நுரை தட்டியது. ராஜகனி துடைத்துவிட்டாள்.

“பஸ்ஸு காலியாத்தான் இருக்கு. யாரும் பாக்கல. லேசா தொறங்க” என்றாள்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக அவளைப் பார்த்தார். அவள் முக்காடு போட்டு முகத்தில் பாதியை மறைத்திருந்தாள். ஏன் என்று கேட்குமுன் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய விளம்பரப் பலகை வந்தது. அதில் ராஜகனி இருந்தாள். வாயில் பாட்டில், கண்ணில் தண்ணீர். கீழே கொட்டை எழுத்தில், ‘ரத்னமாலா கல்யாணப் பதிப்பு. இந்த முகம் ஐந்நூறு மட்டுமே.’

“இன்னைக்குக் காலைலதான் ஒட்டுனாக. எறங்குன ஒடனே நான் அண்டாவுக்குள்ள போயிருவேன். அடுப்புல கறி இருக்கு, பாரதிய எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்றாள்.

“எங்க விக்காங்க?”

“பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைல.”

தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

“எறங்குனதும் மொதல்ல அங்க போவோம். எனக்குத் தாகமா இருக்கு” என்றார்.