வெட்டு வாங்கினவர் இறக்கணும்

அப்பா பேயாண்டிக்கு ஒரு கிட்னி வேண்டும். பிள்ளைகள் மூவருடையதும் பொருந்துகிறது என்று கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டர். மூவரும் வாடிப்பட்டி வீட்டுக்கு வந்தார்கள்.

மூத்தவள் அன்னக்கொடிதான் வாயைத் திறந்தாள். "திருவுளச்சீட்டுப் போட்டுருவோம்."

"வேணாம்க்கா" என்றான் ஜெயபாண்டி. "கழுதை ஆடுவோம். சின்னதுல இருந்து ஆடுற சீட்டாட்டம். தோத்தவுக குடுக்கட்டும்."

"கிட்னிக்குக் கழுதையா? வெளங்கிரும்!" என்று கடைக்குட்டி திவ்யா சிரித்தாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். உடம்பில் கத்தி பட்ட பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஜெயபாண்டி லோடு வண்டி ஓட்டுபவன். மூட்டை தூக்க முடியாமல் போய்விடுமோ என்று பயம். திருவுளச்சீட்டை அவன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. அதில் முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் ஆபத்து ஒரே அளவுதான். வரிசை யாரையும் காப்பாற்றாது. கழுதையில் காப்பாற்றும்.

கழுதையில் ஒருவர் ஒரு சீட்டை இறக்குவார். மற்றவர்கள் வரிசையாக அதே இனத்தில், ஆட்டீனுக்கு ஆட்டீன், டைமனுக்கு டைமன் என்று போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் கழிந்துவிடும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்ததை இறக்குவார். ஒருவரிடம் அந்த இனம் இல்லையென்றால் வேறொன்றைப் போட்டு வெட்டுவார். சுற்று அங்கேயே நின்றுவிடும். அதுவரை பெரியது போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை கையில் சீட்டு வைத்திருப்பவர் கழுதை.

ஆகவே முதலில் இறக்குபவருக்கு எப்போதும் ஆபத்து உண்டு. கடைசியில் போடுபவருக்கு அந்தச் சுற்றில் ஆபத்தே கிடையாது. அவருக்குப் பிறகு வெட்ட ஆள் இல்லை.

திவ்யாவின் பழக்கமும் அவனுக்குத் தெரியும். ஆஸையும் ராஜாவையும் நகை மாதிரி பொத்தி வைத்துக்கொண்டு கடைசியில்தான் எடுப்பாள். அதற்குள் அடுத்தவர் கையில் ஏதாவது ஓர் இனம் தீர்ந்திருக்கும். அந்த அடுத்தவராக உட்கார்ந்தால் போதும்.

"அக்கா, நீ செவத்துல சாஞ்சுக்க, இடுப்பு வலிக்கும். திவ்யா, நீ அக்காவுக்கு அடுத்து. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன்."

"வெட்டுனவுகதானடா அடுத்து இறக்கணும்? எங்க வீட்டுல அப்படித்தான்" என்றாள் அன்னக்கொடி.

"அது ஒன் மாமியார் வீட்டு வழக்கம். இங்க வெட்டு வாங்குனவுகதான் இறக்கணும்."

அந்த ஒரு வழக்கம்தான் ஆளை அழுத்தும். வெட்டு வாங்கியவரே மறுபடி இறக்க, அடுத்தவர் மறுபடி வெட்டலாம்.

முதலில் எல்லோர் கையிலும் எல்லா இனமும் இருந்தன; சீட்டுகள் சத்தமில்லாமல் கழிந்தன. பிறகு திவ்யா டைமன் ஆஸை இறக்கினாள். ஜெயபாண்டி வெட்டினான்.

"அடப்பாவி! டைமன் அம்புட்டும் தீந்துருச்சா ஒனக்கு?" என்றபடி அள்ளினாள். மறுபடி இறக்கினாள். மறுபடி அள்ளினாள். சீட்டுகள் அவள் விரல்களுக்குள் அடங்கவில்லை. அன்னக்கொடி கையைக் காலி செய்துவிட்டு, யாரையும் பார்க்காமல் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயபாண்டியிடம் ஒரே ஒரு சீட்டு, ஆட்டீன் ஏழு. இறக்க வேண்டியவள் திவ்யா.

"அண்ணே, எதண்ணே இறக்க?"

அவள் ஆட்டீன் இறக்கினால் அவன் ஏழைப் போட்டு வெளியேறுவான். வேறு எதை இறக்கினாலும் அதே ஏழால் வெட்டி வெளியேறுவான். அவள் கையில் இருந்த அத்தனை சீட்டிலும் அவளைக் காக்கும் சீட்டு ஒன்றுகூட இல்லை. அது தெரியாமல் அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எதையாச்சும் போடும்மா."

கிளாவர் ராஜா விழுந்தது. அதன்மேல் ஏழை வைத்தான்.

உள்ளறையில் அப்பா இருமினார்.

"இன்னொரு ஆட்டம் போடுவோம்" என்றான் ஜெயபாண்டி அவசரமாக. "எடத்த மாத்தி உக்காருவோம். நீ இங்க வா."

சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த திவ்யாவின் கை நின்றது. "எடத்தயா?" அக்காவின் இடத்தையும், தன் இடத்தையும், அவன் இடத்தையும் பார்த்தாள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னவன் அவன்தான்.

"என்னடி?" என்றாள் அன்னக்கொடி.

"ஒண்ணுமில்லக்கா." சீட்டுக்கட்டை அவன் முன்னால் வைத்தாள். "வேணாம்ணே. அதுல நான் ஜெயிச்சா நீ வேற ஆட்டம் சொல்லுவ. ஆஸ்பத்திரிக்கு நானே பேசிக்கிறேன். மாப்ள வீட்டுக்கு மட்டும் நீ போனப் போட்டுச் சொல்லு. இப்பவே, என் கண்ணு முன்னாலயே பேசு."

ஜெயபாண்டி போனை எடுத்தான். மறுமுனையில் மணி அடித்தது. "சொல்லுங்க மச்சான்!" என்று மாப்பிள்ளையே உற்சாகமாக எடுத்தான்.